அரைப்பேர்

அட்டனில் மழை பிடித்தால்
நியாயமன்றில் முதலில் வாதாடுவது தகரக் கூரை.
அன்றும் அப்படித்தான்.
கொழுந்துக் கறை ஏறிய விரலால்
கூண்டின் கட்டையைப் பிடித்தபடி
பேச்சாயி சொன்னாள்:
"ஆறு மாசமா எனக்கு அரைப்பேருதாங்க போட்டாங்க."

முதலியார் நல்ல மனிதர்.
மாத்தறைக்காரர்,
தமிழைப் பரீட்சைக்குப் படித்துத் தேறியவர்.
ஒரு கணம் யோசித்தார்.
"நமென் பாகயக்" என்றார்.
பெயரில் பாதி.
தட்டச்சு அதைத் தட்டிக்கொண்டது.

எனக்குக் கேட்டது.
மழைமேல் பழிபோட முடியாது,
எனக்குக் கேட்டது.
லயத்தில் பிறந்தவள் நான்.
அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்த நாட்களில்
கடை பாணையும் அரையாகத்தான் தரும் என்று
கணக்குப் பாடத்துக்கு முன்பே தெரிந்தவள்.
எழுந்திருக்க வேண்டும்.
கையில் இன்னும் நாலு வழக்கு,
ஒன்று பிணை,
தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"மேலதிகக் கேள்வி?"
"இல்லை சேர்."

தீர்ப்பு பதினொரு பக்கம்.
ஒன்பதாவதில்:
விண்ணப்பதாரி தன் பெயர் பாதியாக எழுதப்பட்டதாக முறையிடுகிறார்.
எழுத்துப்பிழை, வேலையை விட்டு நீங்கக் காரணமாகாது.
தள்ளுபடி.

விசாரணையில் ஆளுக்கு ஒரு முகம் உண்டு.
தொண்டையைச் செருமலாம், அழலாம்,
முந்தானையை இழுத்து விட்டுக்கொள்ளலாம்.
மேன்முறையீட்டில் தாள்தான் ஆள்.
நூலால் கட்டி, இலக்கமிட்டு,
மூன்று பிரதி.
கினிகத்தேனை வளைவுகளில் வாந்தியை விழுங்கி
நாவலப்பிட்டி, கம்பளை என்று
இருபத்தொரு வருடமாக
மடியில் சுமந்து போகிறேன்
மனிதர்களைத் தாளாக.
சிலது வென்றிருக்கிறேன்.
வென்றவை ஞாபகத்தில் நிற்பதில்லை.

கண்டி மேல் நீதிமன்றம்.
சேனாதீர எனக்கு எதிரே எழுந்தார்.
கீழே எழுப்பாத ஆட்சேபத்தை
மேலே எழுப்ப முடியாது என்று
ஐந்து தீர்ப்புகளை அடுக்கினார்.
ஐந்தும் சரி.
அந்தக் கத்தியைத் தீட்டிக்கொடுத்தது
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
என்னுடைய அந்த "இல்லை சேர்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"கீழே இவருக்காகத் தோன்றியது யார்?"
"நான்தான் ஸ்வாமீனி."
"உங்களுக்குத் தமிழ் தெரியாதா?"
பின்வரிசையில் யாரோ சிரித்தார்.
"தெரியும்."
"அப்படியென்றால்?"

மின்விசிறி சுற்றியது.
மௌனத்துக்குத் தட்டச்சில் எழுத்து இல்லை.
கறுப்புக் கோட்டுக்குள் எனக்கு வேர்த்தது.
"அன்று நான் என் வேலையை
முழுதாகச் செய்யவில்லை" என்றேன்.
பிறகு சிங்களத்தில் விளக்கினேன்:
எங்கள் மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப்பேர்.
பதினேழரை என்றால், முதுகு அதே முதுகுதான்,
பேர் மட்டும் அரை.
இவள் கேட்டது எழுத்தை அல்ல, கூலியை.
கேட்டதற்காகத்தான் நிறுத்தினார்கள்.

ஏழு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது.
மறுவிசாரணை.
சிங்களப் பந்தியின் நடுவே அந்தச் சொல்
மொழிபெயர்க்கப்படாமல்
மேற்கோள் குறிக்குள் உட்கார்ந்திருந்தது:
"பேர்."

தொலைபேசியில் சொன்னேன்.
பேச்சாயி அப்போது வத்தளையில்
யாரோ வீட்டில் சமையல்.
குக்கர் இரண்டு விசில் அடிக்கும்வரை பேசவில்லை.
"அன்னிக்கும் இதத்தானே சொன்னேன்?"
"ஆமா."
"நீங்களும் அங்கனதானே இருந்தீங்க?"
"ஆமா."
"சரி. எத்தனாம் தேதி வரணும்?"

அதே தகரம், அதே மழை,
முதலியார் மட்டும் புதியவர்.
பேச்சாயி கூண்டில் ஏறினாள்.
ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை:
"ஆறு மாசமா எனக்கு அரைப்பேருதாங்க..."

முதலியார் வாய் திறக்குமுன்
நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னும் மொழிபெயர்க்கவே இல்லையே,"
என்றார் தலைவர்,
"உட்காருங்கள்."

உட்காரவில்லை.