பதினேழாம் தடம்

பாயான் லெப்பாஸ் ஆலையில்
ஆறு வருடம் தலைகளைச் சோதித்தவள் நான்.
எண்ணெய் வைக்கும் தலை இல்லை,
வட்டின் மேல் உரசி ஓடும்
நெல் உமியளவுத் தலை.

அதை யாரோ சொல்லி
புஷ்பநாதன் ரைஃபிள் ரேஞ்ச் ஃபிளாட்டுக்கு
மைலோ அட்டைப்பெட்டியோடு வந்தார்.
ஒரு டிரைவ். ஒன்பது நெகிழ்வட்டு.
மரண சகாய நிதிக் கணக்கு, எண்பத்தேழிலிருந்து.
"தொறந்தா போதும். ரெண்டு பேரு அடிச்சிக்கிறாங்க,
யாரு கட்டினா யாரு கட்டலன்னு."

வார் தார் மாதிரி இளகியிருந்தது.
வட்டில் பூஞ்சை, கோலப்பொடி சிந்தியதுபோல்.
ஸ்பிரிட் தொட்ட பஞ்சு மூன்று முறை பழுப்பாய் வந்தது,
நான்காம் முறை வெள்ளை.

நிமிடத்துக்கு முந்நூறு சுற்று வேண்டும்.
சக்கரத்தின் அடியில் கறுப்பு வெள்ளைக் கோடுகள்;
வேகம் சரியென்றால்
டியூப் லைட் வெளிச்சத்தில் அவை அசையாமல் நிற்கும்.
என் வீட்டில் எல்லாம் எல்இடி.
அதன் கீழ் எல்லாமே சாம்பல் நிறம்.

ஜன்னல் வழியே ஒயர் இழுத்து
லிஃப்ட் பக்கத்து டியூபின் கீழ் உட்கார்ந்தேன்.
பக்கத்து வீட்டு மெய் ஃபோங்
கோயத்தியாவ் பொட்டலத்தோடு நின்றாள்.
"ரோசாக் கா?"
கோடு நிற்க வேண்டும் என்றேன்.
அவளும் குந்திக்கொண்டாள்.
கோடுகள் பின்னால் ஊர்ந்தன,
திருகாணியை மயிரிழை திருப்ப
இன்னும் மெதுவாய் ஊர்ந்தன,
நின்றன.
"நின்னிருச்சே. அப்ப ரோசாக்தானே?"

புது வட்டில் எழுதினேன், படித்தது.
பழையதைப் போட்டேன்.
முதல் தடங்கள் திக்கித் திக்கி.
பதினேழில் டக், டக், டக்,
தலை வாசலுக்குப் போய்த் திரும்பி வந்து
மறுபடி தட்டியது.
வாசிப்புப் பிழை.

மூன்று இரவு.
கேபிள் மாற்றினேன். மின்சாரம் அளந்தேன்.
இன்னொரு முறை பஞ்சு.
புஷ்பநாதனுக்கு "வட்டு செத்துப்போச்சு" என்று
பாதி தட்டச்சு செய்து அழித்தேன்.

பிறகுதான் உறைத்தது.
முதல் நாளே
ஆலை மூடிய அன்று பைக்குள் போட்டு வந்த
அளவை வட்டை வைத்து
(திருட்டுதான், போகட்டும்)
ஆஸிலோஸ்கோப்பில் இரண்டு பூனைக்கண்ணும்
ஒரே அளவாகும்வரை
தலையை நேராக்கியிருந்தேன்.
பெருமையாக. குறி கூடப் போட்டு வைக்காமல்.

அந்த டிரைவ் பிறந்ததிலிருந்தே கோணல்.
எழுதியதும் கோணல், படித்ததும் கோணல்,
பிழையிலேயே பிழைத்திருந்தது.
நான் சரிசெய்ததும்
தன் கையெழுத்தே தனக்குத் தெரியாமல் போயிற்று.

திருகை மறுபடி தளர்த்தினேன்.
விரல் நகத்தால் தள்ளி, படி என்றேன். இல்லை.
தள்ளி, படி. இல்லை.
ஒரு பூனைக்கண் சிறுத்துக்கொண்டே போனது.
விடிகாலை ஐந்துக்கு, கீழே முதல் பஸ் உறுமும்போது
பதினேழைத் தாண்டி
பதினெட்டு, பத்தொன்பது,
தட்டல் இல்லை. மழை நின்ற தகரம் மாதிரி அமைதி.

பெயர்கள் வந்தன.
அம்மாக்கண்ணு மூன்று வெள்ளி.
சிங்காரவேலு மூன்று வெள்ளி.
சண்டைக்காரர்கள் இரண்டு பேரும்
ஐந்து மாதம் கட்டவில்லை.

மூடியின் மேல் டேப் ஒட்டி எழுதினேன்:
நேராக்க வேண்டாம்.

ஐந்தாம் வட்டில் மட்டும்
இரண்டு பேர் இன்னும் வரவில்லை.
இன்றிரவு, நகத்தில் பாதி.