நான்காம் கட்டம்

பலகையில் ஒரு பெரிய கூட்டல் குறி போட்டார்
பேராசிரியர் ஓயார்சூன்.
மேலே நட்சத்திரம், பக்கத்தில் கேள்விக்குறி,
கீழே கறவைப் பசு,
மிஞ்சிய கட்டத்தில் நாய்.
"வளராத சந்தை, சின்னப் பங்கு.
இதற்குச் சோறு போடாதீர்கள்.
உத்தி என்றால் அவ்வளவுதான்."

சந்தைப்படுத்தல் திட்டமிடல், மூன்றாம் ஆண்டு,
செவ்வாய் காலை எட்டரை.
ஜன்னலுக்கு வெளியே புந்தா அரேனஸ் இருட்டாகக் கிடந்தது.
ஜூலையில் இந்த ஊருக்குப் பத்து மணிக்குத்தான் விடியும்.

எங்கள் குழுவுக்குக் கிடைத்தது ஒரு படகு நிறுவனம்.
நீரிணை தாண்டி அக்கரைக்கு, பொர்வெனீருக்கு,
ஆள், ஆடு, லாரி எல்லாம் ஏற்றுகிறவர்கள்.
யெர்கோவுக்குக் கணக்கு.
மாகலிக்கு வண்ணம், எழுத்துரு,
வாடிக்கையாளரின் பயணம் என்று அவள் வரைகிற அம்புக்குறிகள்.
எனக்குக் கள ஆய்வு,
அதாவது, மற்ற இருவருக்கும் குளிர் ஆகாது.

பென்குயின் பார்க்க வருகிற ஜெர்மானியர்கள் நட்சத்திரம்.
லாரிகள் பசு.
இணையத்தில் சீட்டு விற்பது கேள்விக்குறி.
வியாழன் இரவுப் படகுக்கு
நாங்கள் வாய் திறக்கும் முன்பே
இடம் போட்டு வைத்திருந்தது பலகை.

கேள்வித்தாள்களை பிளாஸ்டிக் உறையில் சுருட்டிக்கொண்டு
ஒன்பது மணிக்கு ஏறினேன்.
பதினோரு பேர்.
ஒருவன் மடியில் கேக் பெட்டி,
ஒவ்வொரு அலைக்கும் இரண்டு கையும் அதன் மேல்.
மீன் தொழிற்சாலைப் பெண்கள் இருவர்,
பூட்ஸைக் கழற்றாமலே தூக்கம்.
மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரித்துவிட்டு
வீடு திரும்புகிற எதெல்வினா.
அப்புறம், சீட்டு வாங்காத ஒரு நாய்.

"பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்,
எங்கள் சேவையை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?"

முழங்கைப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
எதெல்வினா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"இதை விட்டால் வேறு எதைப் பரிந்துரைக்க?
நீந்திப் போகச் சொல்லவா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"ஏழு போடட்டுமா?"
"போடு. காபி சூடாக இருந்தால் எட்டு."

நாய் மூக்குப் பக்கம் போனது, வால் பக்கம் வந்தது,
உயிர்காப்புப் படகை முகர்ந்தது,
கேக் பெட்டியைச் சுற்றி மறுபடி மூக்குக்கு ஓடியது.
நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்கள்.
அன்றைக்கு அந்தப் படகில்
முழுநேர வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

யெர்கோ சொன்னது சரி.
எண்ணெய், மாலுமிகளின் இரவுப்படி, துறைமுகக் கட்டணம்,
தலைக்கு இவ்வளவு நஷ்டம் என்று
மூன்று முறை நானும் கூட்டிப் பார்த்தேன்.
அவன் கணக்கு தப்புவதே இல்லை,
அவனிடம் எனக்குப் பிடிக்காததும் அதுதான்.
"பதினோரு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது," என்றான்.
அதுவும் சரி.
"குறுக்கே வளர்ச்சி, நெடுக்கே பங்கு,
தேவை எந்தக் கோட்டில் வரும்?" என்றேன்.
மாகலி திரையிலிருந்து தலை தூக்காமல்,
"பின்னிணைப்பில் போடலாம்," என்றாள்.

போடவில்லை.
நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தோம்,
பச்சை அம்புக்குறியோடு, பதினாறாம் பக்கத்தில்.

ஏழுக்கு ஆறு புள்ளி இரண்டு.
ஓரத்தில் சிவப்பு மை:
"போட்டியாளர் பகுதி ஏன் காலி?"
அது என் பகுதி.
முதலில் காற்று என்று எழுதி அழித்திருந்தேன்.
அப்புறம் நீச்சல்.
உற்றுப் பார்த்தால் தாளில் பள்ளம் தெரியும்.

அறிக்கையை நிறுவனத்தில் யாராவது படித்தார்களா, தெரியாது.
அடுத்த வியாழன் துறைக்குப் போனேன்.
படகு நின்றது, விளக்கு எரிந்தது.
வரிசையில் பத்துப் பேர்,
எதெல்வினா இல்லை, அவள் முறை மாறியிருக்கலாம்.
நாய் எனக்கு முன்னால் ஏறிவிட்டது.

அக்கரையில் எனக்கு யாரும் கிடையாது.
ஆனாலும் ஒரு சீட்டு வாங்கினேன்,
பதினொன்று ஆக்கினேன்,
ஆய்வாளர் தரவைத் தொடக்கூடாது என்று
இரண்டாம் அத்தியாயத்திலேயே படித்திருந்தும்.