நரம்பு கிடைக்கிற வரை

காலை ஏழரைக்கு முதல் டோக்கன்.
கையை மடக்குங்க, விரிங்க, மடக்குங்க.
பெரியாஸ்பத்திரி இரத்தப் பரிசோதனை ஜன்னலில்
பதினோரு வருஷமாக இதே வசனம்.
இரத்தக் குழாய் என்று நான் படித்ததை
வாழப்பாடியும் ஓமலூரும் நரம்பு என்கின்றன.
"நரம்பு கிடைக்கலையா மேடம்?"
கிடைக்கும்.
என் கை நடுங்காது.
சம்பளமே அதற்குத்தான்.

சாயங்காலம் அஞ்சு ரோட்டில்
செல்போன் கவர் கடைக்கு மேல்மாடியில்
ஆல்வின் சொல்கிறான்:
"கையை ஆட விடுங்கக்கா."
இருபத்திரண்டு வயது, வாயில் சூயிங்கம்.
மாதம் ஆயிரத்து எண்ணூறு வாங்கிக்கொண்டு
என்னை நடுங்கச் சொல்கிறான்.

வைப்ரேட்டோ.
சொல்லும்போது நாக்கே ஒருமுறை ஆடிவிடுகிறது.
விரல்தான் மாட்டேன் என்கிறது.

வயலின் தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்து
நடுவில் கைக்குட்டை.
வில் வேண்டாம், சத்தம் வேண்டாம்.
ஏ கம்பியில் இரண்டாம் விரலை
முன்னும் பின்னும் வழுக்கணும்,
தூரத்தைச் சுருக்கிச் சுருக்கி
கடைசியில் ஊன்றிய இடத்திலேயே உருளணும்.
கட்டைவிரல் கழுத்தை நெரிக்கக் கூடாது.
நெரிக்கிறது.
முதல் வாரம் முழங்கை ஆடியது.
இரண்டாம் வாரம் தோள், தாடை,
ஸ்டாண்டில் இருந்த நோட்டுகூட ஆடியது.
விரல் மட்டும்
ஊசி ஏற்றும்போது நிற்பது போல நின்றது.

வீட்டுப்பாடம்: டப்பாவில் அரிசி போட்டுக் குலுக்குவது.
சளிப் பரிசோதனைக்கு வந்த புது டப்பாக்களில் ஒன்றை எடுத்து
பதிவேட்டில் 'உடைந்தது, 1' என்று எழுதினேன்.
ஒரு தட்டுக்கு இரண்டு குலுக்கல், பிறகு மூன்று, நான்கு.
ஜங்ஷன் பஸ்ஸில் நின்றபடி குலுக்குகையில்
ஜன்னலோர அம்மா கேட்டார்:
"கொழந்தைக்கா?"
எனக்குத்தான் என்றேன்.
அப்புறம் அவர் பேசவில்லை.

போன செவ்வாய், டோக்கன் நாற்பத்தாறு.
மேச்சேரி குழந்தைவேலு, லாரி ஓட்டினவர்.
மேசைமேல் வைத்த கை நிற்கவில்லை.
கட்டைவிரலும் ஆள்காட்டியும்
இல்லாத மாத்திரை ஒன்றை
உருட்டிக்கொண்டே இருந்தன.
எண்ணினேன். தப்புதான், எண்ணினேன்.
வினாடிக்கு ஐந்து, சீராக,
ஆல்வின் கேட்கிற அதே ஐந்து.
"நிறுத்த முடியலம்மா" என்றார்,
சில்லறை இல்லை என்று சொல்கிறவர் மாதிரி.
என் இடக்கையால் அதை மூடினேன்.
உள்ளங்கைக்குள் ஆடியது.
அவர் ஆட்டவில்லை,
அவரும் என்னைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது.

ராத்திரி, கண்ணங்குறிச்சியில் மொட்டை மாடி.
கம்பிகளுக்கு ரப்பர் மியூட் மாட்டியிருந்தேன்.
எதிரே இருட்டில் ஏற்காட்டு மலை.
ஒற்றை வண்டி வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது,
இடப்பக்கம் போய், அணைந்து,
வலப்பக்கம் முளைத்து.
கொண்டை ஊசி இருபது.
அங்கேயும் ஊசிதான்.
நேராக ஏறுகிற வண்டி ஒன்றும் இல்லை.

"சுரத்துக்குக் கீழ மட்டும் போங்கக்கா,
போயிட்டு வீட்டுக்கு வந்துடுங்க.
மேல போனா காது ஏமாறாது."
விரலை வைத்தேன், அழுத்தாமல்,
அந்தக் கையை மூடிய அதே கனத்தில்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவதில் சுரம் கொஞ்சம் சரிந்து
திரும்பி வந்தது.
நான் ஆட்டினேனா, அதுவாக ஆடியதா,
பார்ப்பதற்குள் நாலாவது
பழையபடி கட்டை.
கீழ்வீட்டு சுகந்தி மாடிப்படியிலிருந்து
"கொசு பேட்டாக்கா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

புதன், ஏழரை.
ஜன்னலுக்கு வெளியே வரிசை
சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும்.
மேசைக்கு அடியில், யாரும் பார்க்காமல்,
இரண்டாம் விரலைத் தொடைமேல் ஊன்றி
ஒரு தடவை உருட்டினேன்.
உருண்டது.
நிறுத்தினேன்.
நின்றது.

கையை மடக்குங்க.