தட்டுக்கு வெளியே ஒரு சக்கரம்

கபடி தேடப்போன அத்தாவுல்லாவின் கைபேசியில்
கச்சை மட்டும் கட்டிய இரண்டு மலைகள் மோதிக்கொண்டன.
அப்படித்தான் ஆரம்பம்.
வைகாசி. பெங்களூரா வரத்து உச்சம்.
போச்சம்பள்ளி வண்டி, சந்தூர் வண்டி, பர்கூர் வண்டி,
காவேரிப்பட்டணம் கூழ் ஆலை வாசலிலிருந்து
ரோடு வரைக்கும் மாம்பால் வாசனை.
எடைமேடைக் கூண்டுக்குள் நாங்கள் நால்வர்:
மண்டிக் கணக்கு அத்தாவுல்லா, கேன்டீன் சென்னம்மா,
டிராக்டர் திம்மராயன்,
கண்ணாடிக்குப் பின்னால் நான்,
ஊருக்கெல்லாம் ‘எடை மேடம்’.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி.
ஒன்றேகாலுக்கு மறுபடி மணி.
பெரிய பட்டக்காரர்கள் களம் இறங்குவது இரண்டுக்கு மேல்;
அவர்களை நாங்கள் பார்த்ததே இல்லை.
எங்களுக்கு வாய்த்தவர்கள் வரிசையின் கடைசி ஆட்கள்.
அதிலும் கடைசி, இவாகுமோ.
நூற்று நாற்பத்து மூன்று கிலோ.
என் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்,
அதற்கு அவன் நூற்று நாற்பது.
எதிரே வருகிறவன் எப்போதும் இரண்டு கிரேட் அதிகம்.

வலது முட்டியில் பெரிய கட்டு.
மற்றவர்கள் உப்பை வாரி இறைப்பார்கள்,
இவன் மாங்கீற்றுக்குத் தூவுகிற அளவு.
“கஞ்சன்” என்றாள் சென்னம்மா.
அன்றே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

ஜெயித்தால் சுவரில் சுண்ணாம்பு வட்டம்.
தோற்றால் கரி வட்டம்.
பதினைந்து நாளில் எட்டு வெள்ளை விழுந்தால் தலை தப்பும்,
ஏழு என்றால் கீழ் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள்.
“என்னம்மா இது?” என்றார் மேலாளர்.
“கறுப்பெல்லாம் திரும்பிப்போன லோடு சார்.”

ஆறாம் நாள் இருவரும் சேர்ந்தே சரிந்தார்கள்.
கறுப்பு அங்கிக்காரர்கள் மேலேறி நின்று
யார் கை முதலில் மண் தொட்டது என்று
கல்யாணப் பேச்சுப் போலப் பேசினார்கள்.
மறு ஆட்டம்.
வெளியே ஹார்ன் மேல் ஹார்ன்.
“இன்னொரு தடவை மோதணுமாம், இருங்கய்யா!”
ஜன்னலில் தலை நீட்டிக் கத்தினேன்.
லாரிக்காரர்கள் யாரோ சண்டை என்று இறங்கி ஓடிவந்தார்கள்.

ஒன்பதாம் நாள் கிலோ ஏழிலிருந்து ஐந்துக்கு விழுந்தது.
திம்மராயன் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.
அன்று தொடங்கி இவாகுமோவுக்கும் மூன்று கரி.

பதினான்கு முடிந்தபோது
ஏழு வெள்ளை, ஏழு கறுப்பு.

கடைசி நாள் எல்லாமே அரைமணி முன்னதாம்.
அத்தாவுல்லா செருப்பில்லாமல் ஓடிவந்து சொன்னார்.
தட்டின் மேல் ஒரு பர்கூர் லாரி நிற்க
சீட்டு அடிக்காமல் கைபேசியைப் பார்த்தேன்.
குனிந்தார்கள். முஷ்டி மண்ணில் பட்டது.
பெரியவன் பாய்ந்தான்.
பாய்ந்த இடத்தில் இவாகுமோ இல்லை.
இடப்பக்கம் ஓரடி ஒதுங்கி நின்றான், அவ்வளவுதான்.
பெரியவன் காற்றை மோதி உள்ளங்கையில் விழுந்தான்.
அரங்கில் எழுந்த சத்தம் கைதட்டல் இல்லை.

சுண்ணாம்பை யாரும் எடுக்கவில்லை.
“இது ஜெயிப்பா? ஒதுங்கிட்டான்” என்றான் திம்மராயன்.
“முட்டி உனக்கா வலிக்குது?”
“வலிச்சா உட்காரணும். பதினாலு நாள் மோதினவன்
பதினஞ்சாவது நாள் ஏன் மோதல?”
“கணக்குப்படி வெள்ளை” என்றார் அத்தாவுல்லா,
தன் சோற்றைப் பார்த்துக்கொண்டு.
நான்தான் போட்டேன்.
மற்றதைவிடச் சின்னதாக, கொஞ்சம் தள்ளி.

நாலரைக்குத் திம்மராயன் லோடு இறக்கிவிட்டு
வெறும் வண்டி எடைக்கு வந்தான்.
மூவாயிரத்து நானூறு காட்டவேண்டிய இடத்தில்
இரண்டாயிரத்து எண்ணூறு.
எட்டிப் பார்த்தேன்.
டிரெய்லரின் பின்சக்கரம்
தட்டுக்கு நாலு விரல் வெளியே.
அறுநூறு கிலோ காற்று. கிலோ ஐந்து ரூபாய்.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
கண்ணாடி வழியே அந்தச் சின்ன வட்டத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.

மைக்கை எடுத்தேன்.
“ரிவர்ஸ் எடு திம்மராயா.
மறு ஆட்டம்.”

கியர் விழ நேரமாயிற்று.
பின்னால் ஹார்ன் தொடங்கியது.