நடை

கும்பகோணத்தில் நடை என்றால்
முதலில் கோயில்தான் நினைவுக்கு வரும்.
பணிமனையில் அது வேறு.
பேருந்து ஒருமுறை போனால் ஒரு நடை,
திரும்பினால் இன்னொன்று.
பதினேழு சி, கீழமாந்தூர், நாளொன்றுக்கு ஆறு நடை.
மூன்று வருடப் பதிவேட்டிலும்
ஒரே மை, ஒரே கை, ஒரே சாய்வு.

நான் தணிக்கைக்கு வந்த வாரம்தான்
நகர நெரிசல் கட்டணத்தை நீக்கினார்கள்.
அரசலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சரவெடி.
காருக்கு நாற்பது, பைக்குக்குப் பத்து வாங்கிய சாவடியில்
தடுப்புக் கம்பத்தைத் தூக்கிக் கட்டிவிட்டு
மீதி ரசீதுக் கட்டை என்ன செய்வது என்று
வந்தவர் போனவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான் தவமணி.
யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் லட்டு கொடுத்தார்.

பலகையை மட்டும் கழற்ற மறந்திருந்தார்கள்:
இத்தொகை முழுவதும் நகரப் பேருந்துகளுக்கே.

முழுவதும் என்ற சொல்லுக்கு அடியில்
பென்சிலால் ஒரு கோடு போட்டேன்,
மனசுக்குள்.

பதினேழு சி-யைக் காட்டுங்கள் என்றேன்.
கண்காணிப்பாளர் பொன்னுரங்கம் காபி வரவழைத்தார்.
காபி நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.
டபரா ஆறும்வரை பேசினார்.
மீட்டர் பழுது, உதிரிபாகத் தட்டுப்பாடு,
வெள்ளத்தில் நனைந்துபோன கோப்பு.
எந்த வெள்ளம் என்றேன்.
"காவிரியில தண்ணி வந்தா வெள்ளம்தானே சார்?"

பணிமனைக்குப் பின்னால், டயர்க் குவியல் தாண்டி
கட்டைகள்மேல் நின்றது வண்டி.
சக்கரம் இல்லை.
ஓட்டுநர் இருக்கையில் கோவைக்கொடி.
ஜன்னலுக்கு வெளியே இரண்டு பழம், நல்ல சிவப்பு.
அன்றைய தாளில் அதற்கு
முப்பத்தெட்டு லிட்டர் டீசல்,
இருநூற்றுப் பன்னிரண்டு பயணிகள்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில்
ஒருத்தியைத் தேடிப் பிடித்துவிட்டேன்.
தையல்நாயகி. ஜவுளிக்கடையில்
மற்றவர்கள் கலைத்துப்போட்ட சேலைகளை மடிக்கிறவள்.
ஒன்பதரை தாண்டினால் அரைநாள் சம்பளம் போச்சு.
தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை
எறியாமல் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தாள்.
பஸ் வந்த நாளுக்கு ஒரு சுழி.
வராத நாளுக்கு ஒன்றுமில்லை.
"வராததுக்கு எதுக்கு சார் மையை வீணாக்கணும்?"

எண்ணினேன். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு சுழி.
மெயின்ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர்,
அங்கிருந்து ஷேர் ஆட்டோ.
சாவடிக் காசு என்று தலைக்கு இரண்டு ரூபாய்
ஆட்டோக்காரர் கூடுதலாக வாங்கியிருக்கிறார்.
வராத பஸ்ஸுக்கு இவளும்தான் கட்டியிருக்கிறாள்.
இப்போது சாவடி போய்விட்டதே, குறைத்தாரா?
சிரித்தாள். அந்தச் சிரிப்பை
அறிக்கையில் எந்தப் பத்தியில் சேர்ப்பது?

அந்த நாலு கிலோமீட்டர் எப்படிம்மா?
"எப்படின்னா? நடைதான்."

அப்படியானால் பதிவேடு பொய் சொல்லவில்லை.
நடை நடந்திருக்கிறது. வண்டிதான் இல்லை.

தாள்களுக்கு இணைப்பு ஏழு என்று எண் போட்டேன்.
"திருப்பிக் குடுத்துடுவீங்கள்ல?
பின்னாடி பால் கணக்கு எழுதியிருக்கேன்."

நூற்றுப் பதினாறு பத்தி. ஒவ்வொன்றின் முடிவிலும்
விளக்கம் கோரப்படுகிறது.
நேற்றிரவு முடித்துக் கட்டி அரக்கு வைத்தபின்
என் பயணப்படிப் படிவத்தை எடுத்தேன்.
தஞ்சாவூர் – கும்பகோணம், பேருந்து, போக வர,
பன்னிரண்டு நாள்.
வந்ததெல்லாம் மைத்துனன் காரில்.
முதல் நாலு நாள் சாவடியில் கை நீட்டியபோது
அடையாள அட்டையைத்தான் நீட்டினேன்.
தவமணி சல்யூட் வைத்தான்.

இருபத்துநாலு நடை.
ஒரே மை, ஒரே கை.
கையெழுத்து இடத்தில் பேனா நின்றது.

கொஞ்ச நேரம்தான்.