பதினோராம் பக்கம்

படிவத்தின் பதினோராம் பக்கம்
"உங்களால் முடியாதவை எவை?" என்று கேட்டது.
முப்பத்து நாலு வருசமாய்
முடியும் முடியும் என்று நடித்துவந்தவள்
பேனாவை மூடி வைத்தேன்.

லோசா அவசரப்படுத்தவில்லை.
ட்யூப்லைட்டை அணைத்தாள்.
எதிரே அல்ல, பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"நேற்று என்ன சாப்பிட்டாய்?"
அடுப்பில் வைத்துவிட்டு
பிரிட்ஜின் இரைச்சலுக்குள் தொலைந்துபோனதில்
கருகிய சோத்துச் சட்டியைக் காட்டினேன்.
"இதை எழுது."

எழுதினேன். சட்டி.
தொலைபேசி மணி.
சொல்லாமல் வந்து கதவு தட்டுபவர்கள்.
டான்டினாங்கில் நிற்கும் ரயில்களின் நேரம்
அத்தனையும் எனக்கு மனப்பாடம்;
அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது செவ்வாயும் வெள்ளியும்
இரண்டு மணி நேரம் லோசா.
மற்ற நாட்களில்
அடுப்பருகே ஒரு மஞ்சள் டைமர்.

அம்மா கேட்கிறா:
"வெளி மனுசி ஏன்? நாங்கள் இல்லையே?"
இருக்கிறீங்கள் அம்மா.
நீங்கள் செய்து தந்துவிடுவீர்கள்.
அவள், நான் செய்து முடிக்கும்வரை
கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.
அது எவ்வளவு கஷ்டமென்று
அவள் விரல்களைப் பார்த்தால் தெரியும்.

நேற்று பருப்பில் உப்புக் கூடிவிட்டது.
முழுவதும் சாப்பிட்டேன்.