மூன்றாம் தரப்பு

வினிபெக், பிப்ரவரி.
கணினியில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்,
அரசு வாடகை வீடுகள், பர்பி தெருவில் ஒரே கட்டடம்.
செய்தித்தாள் கேட்டிருக்கிறது; கொடுத்தாக வேண்டும்.
பெயர் வரும் இடத்தில் கருப்புப் பட்டை இழுப்பது என் வேலை.
எல்லாப் பட்டைக்கும் ஒரே நீளம்.
பெயர் குட்டையா நெட்டையா என்பதுகூட
வெளியே போகக் கூடாது.

எண்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒருத்தி
பேனா அழுந்த எழுதியிருந்தாள்:
"இந்த வீட்டு எண் என் புருஷனுக்குத் தெரியக் கூடாது."
ஒரு பட்டை போதும் என்று தெரிந்தும்
இரண்டு தடவை இழுத்தேன்.

இருநூற்று ஆறில் கொதிகலன்.
பத்தொன்பது நாள் சூடில்லை,
குழாய் உறைந்து வெடித்த தேதி,
குழந்தையைக் கோட்டோடு தூங்கவைத்த தேதி.
"யார் வீடென்று ஊகித்துவிடுவார்கள், இதையும் மூடு"
என்றார் மேலதிகாரி.
அதே பிரிவு பதினேழு. அதே கருப்பு.
நான் பெயரை மூடினேன், பத்தொன்பதை விட்டுவைத்தேன்.
மாலையில் திறந்தால் பத்தொன்பதும் இல்லை.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பழைய கதை;
இங்கே சோறே கருப்பு.

நேற்று ஒரு தொலைபேசி.
தன் கோப்பைத் தானே கேட்டு வாங்கியவர்.
பெயர் ████ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எனக்கு இருமல் முற்றிய வாரம்
யாரோ உங்களுக்கு மூன்று கடிதம் போட்டிருக்கிறார்கள்.
'அந்த அம்மாள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்,
ஒரு ஹீட்டராவது கொடுங்கள்' என்று.
கையெழுத்து இருக்கிற இடம் கருப்பாக இருக்கிறது.
யாரம்மா அது?
சண்டைக்கில்லை. பான்சிட் கிளறியிருக்கிறேன்,
சூடாக இருக்கிறது."

மூன்றாம் தரப்பு என்றேன்.
அவர் சம்மதமில்லாமல் சொல்ல முடியாது என்றேன்.

"நல்லது செய்தவர் பேருமா?"

சட்டத்தில் அதற்குத் தனிப் பத்தி இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் போனை வைக்கவில்லை.
பிறகு அவரே சொன்னார்:
"சரி, எங்கள் மாடி முழுக்கக் கொடுத்துவிடுகிறேன்.
பதினொரு கதவுதானே."

எனக்குத் தெரியும்:
████ இருப்பது அந்த மாடியில் இல்லை.

"உங்களிடம்
இன்னும் பெரிய சட்டி இருக்கிறதா?"
என்று மட்டும் கேட்டேன்.